டிராக் டேக்குப் பழைய எம்எக்ஸ்-5 வாங்கலாமா, எலீஸ் வாங்கலாமா?

பிரிட்டனில் டிராக் டேக்கு, அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, பழைய, எடை குறைந்த கார் தேடினால் இந்த இரண்டும் கட்டாயம் கண்ணில் படும்: 1989-இல் வந்த முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, 1996-இல் வந்த முதல் லோட்டஸ் எலீஸ்.

எலீஸின் எடை சுமார் 725 கிலோதான். அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்த சட்டகம், முதுகுக்குப் பின்னால் என்ஜின். பவர் ஸ்டீயரிங் கிடையாது. டயர் பிடி விடப்போவது உள்ளங்கைக்கே தெரிந்துவிடும். அந்தச் சுகத்துக்கு ஈடே இல்லை. ஆனால் இதிலுள்ள ரோவர் கே சீரிஸ் என்ஜினின் ஹெட் கேஸ்கெட் (ஆயிலும், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவமும் கலக்காமல் தடுக்கும் அடைப்புத் தகடு) பேர்போன தொல்லை. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கூலன்ட் குறைகிறதா, ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். முன்பக்கம் முழுக்க ஒரே ஃபைபர்கிளாஸ் வார்ப்பு என்பதால் சின்ன இடிக்கும் செலவு கையைக் கடிக்கும்.

எம்எக்ஸ்-5 ஏறக்குறைய 950 கிலோ. 1.6 லிட்டர் என்ஜின் அடி தாங்கும், உதிரி பாகமும் மலிவு. முதல் டிராக் காருக்கு என் ஓட்டு இதற்குத்தான். துருதான் இதன் எமன்: மடிப்புக் கூரையின் நீர் வடிகுழாய் அடைத்துக்கொண்டால், பின்சக்கரத்துக்கு முன்னால் கதவுக்குக் கீழே உள்ள தகடு உள்ளிருந்தே அரிக்கும். வாங்கும்போது அங்கே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்.

சரி, மேம்படுத்துவது? குதிரைத்திறனைத் தேடி ஓடாதீர்கள். முதலில் பிரேக் பேட், புது பிரேக் ஆயில், நல்ல டயர், அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது). எலீஸில் ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் உலோக வளைவு) கூடவே வரும். எம்எக்ஸ்-5-க்கு நாமே போட வேண்டும், அது இல்லாமல் டிராக்கில் இறங்கவே கூடாது.