முட்டிவலிக்கு ‘மூலிகை கேப்சூல்’ வாங்குகிறீர்களா? தயவுசெய்து இதைப் படியுங்கள்

உங்கள் வீட்டில் யாராவது பெயரோ முகவரியோ இல்லாத கேப்சூலை வலிக்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், முதலில் இதைக் கேளுங்கள். அதைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். மிச்சமிருப்பதைக் கையோடு எடுத்துக்கொண்டு இன்றே டாக்டரைப் பாருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அம்மாவுக்கு 68 வயது. சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் எங்களோடுதான் இருக்கிறார். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை உண்டு. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மாத்திரை வாங்கி ஒழுங்காகச் சாப்பிடுகிறவர், அளவும் கட்டுக்குள்தான் இருந்தது. முட்டிவலி ஒன்றுதான் அவரைப் படுத்தும். சந்தைக்குப் போய் வந்தால் அன்றைக்கு முழுக்கக் காலை நீட்டியபடியே உட்கார்ந்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எம்ஆர்டி ரயில் நிலையத்துப் பக்கம் இருக்கும் மருந்துக்கடைக்கு வலி மாத்திரை கேட்டுப் போயிருக்கிறார். மருந்தாளர் சாப்பிடப் போயிருந்தார். கவுன்டருக்குப் பின்னால் இருக்கும் மருந்துகளை அவர் வந்த பிறகுதான் தர முடியும் என்று அங்கிருந்த பெண் சொல்லிவிட்டாள். அம்மாவுக்குக் கோபம். “கண் முன்னாடி மருந்து இருக்கு, எடுத்துக் குடுக்க ஒரு ஆளு இல்லியாம்” என்று வீட்டுக்கு வந்தும் புலம்பினார். திரும்பும் வழியில் எங்கள் வட்டாரத்துக் கடை ஒன்றில் நுழைந்து, கேட்டதை வாங்கி வந்துவிட்டார்.

அந்தக் கடையில் பச்சைச் சிலுவை போட்ட பலகை, கண்ணாடி அலமாரி எல்லாம் உண்டு. உள்ளே இருப்பவர் வெள்ளை அங்கி போட்டிருப்பார். நம் ஆள், நன்றாகத் தமிழ் பேசுவார். நாற்காலி போட்டு உட்கார வைத்து “எங்கம்மா வலிக்குது?” என்று கேட்டாராம். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், சர்க்கரை இருக்கிறதா, அல்சர் வந்திருக்கிறதா என்று ஒரு கேள்வி கிடையாது. “ஊர்லேர்ந்து வர்ற மூலிகைம்மா, பக்கவிளைவே இல்ல” என்று சொல்லி ஜிப் பையில் முப்பது கேப்சூல் போட்டுக் கொடுத்திருக்கிறார். விலை 48 வெள்ளி. பில் இல்லை. பையின் மேல் நீலப் பேனாவால் ‘காலை 1 இரவு 1’ என்று மட்டும் எழுதியிருந்தது.

இரண்டே நாளில் வலி போய்விட்டது. அம்மா லிஃப்ட்டுக்குக் காத்திராமல் படியேறினார். நானும் சந்தோஷப்பட்டேன். இரண்டாவது பையை நானே கைப்பேசியில் பேநவ் வழியாகக் காசு அனுப்பி வாங்கிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

இரண்டு மாதத்தில் அம்மாவின் முகம் உருண்டையாகிவிட்டது. “நல்லா கலையா இருக்கீங்களே” என்று கோப்பிக்கடையில் பார்த்தவர்கள் சொன்னார்கள். மூக்குக் கண்ணாடியின் காம்பு இரண்டு பொட்டிலும் பள்ளம் பதிக்க ஆரம்பித்தது. லேசாகக் கை பட்டாலும் தோல் கன்றிப் போனது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை ஒருநாளும் இல்லாத அளவுக்கு ஏறியிருந்தது. பலதுறை மருந்தகத்து டாக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்: “வெளியே ஏதாவது மருந்து வாங்கிச் சாப்பிடுகிறீர்களா?” அம்மா தயங்கித் தயங்கித்தான் பையைக் கைப்பையிலிருந்து எடுத்தார்.

டாக்டர் ஒரு கேப்சூலைப் பிரித்து வெள்ளைத் தாளில் கொட்டினார். நைசான வெள்ளைப் பொடி. நான் முகர்ந்து பார்த்தேன். சுக்கு, திப்பிலி, அமுக்கரா என்று மூலிகை எதுவாக இருந்தாலும் ஒரு வாசனை இருக்குமே. இதில் ஒன்றுமே இல்லை.

மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சோதித்ததில் கேப்சூலில் டெக்சாமெதசோன் இருந்தது. அது ஸ்டெராய்டு, டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே வாங்கக்கூடியது. வீக்கத்தையும் வலியையும் உடனே அடக்கும், அதனால்தான் ‘நல்ல மருந்து’ என்று பெயர் வாங்கிவிடுகிறது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும், கிருமி எளிதில் தொற்றும். இன்னொரு ஆபத்தும் உண்டு. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தானாகச் சுரக்கும் ஹார்மோனை நிறுத்திக்கொள்ளும். அந்த நிலையில் கேப்சூலைத் திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் சொன்னது இதனால்தான். அம்மாவுக்கு இப்போது டாக்டர் கணக்குப் பார்த்து ஸ்டெராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார்.

கடைக்குப் போய்க் கேட்டேன். “நான் மருந்தாளர்னு எப்பக்கா சொன்னேன்?” என்றார் அந்த மனிதர். உண்மைதான், சொல்லவில்லை. அந்த அங்கியைப் பார்த்து நாங்களாக அப்படி நினைத்துக்கொண்டோம். இந்தக் கேப்சூலை விற்றதே இல்லை என்றும் சொன்னார். என்னிடம் இருந்த ஒரே சாட்சி அந்த 48 வெள்ளி பேநவ் பதிவு. அதையும் பையின் படத்தையும் சேர்த்து, மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் புகார் கொடுத்திருக்கிறேன். இப்படிப்பட்ட மருந்தை விற்றால் 3 ஆண்டு வரை சிறை, 100,000 வெள்ளி வரை அபராதம். விசாரணை முடியாததால் கடையின் பெயரை எழுதவில்லை.

அம்மா திட்டிவிட்டு வந்தாரே, அதே எம்ஆர்டி பக்கத்துக் கடைக்கு அவரை அழைத்துப் போனேன். இந்த முறை மருந்தாளர் இருந்தார். சின்னப் பெண். அம்மாவின் மாத்திரைகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றும் எதற்கு என்று அம்மா வாயாலேயே சொல்ல வைத்தாள். இருபது நிமிடம் பேசியவள் ஒரு காசு கேட்கவில்லை. அன்றைக்கு ஏன் மருந்து தரவில்லை என்றும் அவளே சொன்னாள். இங்கே மருந்து மூன்று வகை. பாராசிட்டமால் போன்றவற்றைப் பேரங்காடியில்கூட வாங்கலாம். சிலவற்றுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருப்பதை உரிமம் உள்ள கடையில், மருந்தாளரின் மேற்பார்வையில்தான் விற்க வேண்டும், அவர் இல்லாத நேரத்தில் கொடுத்தால் சட்டப்படி தப்பு. அம்மா ஒன்றும் சொல்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. சீன மருந்துகளைத் தயார் மாத்திரையாக விற்க ஆணையத்தின் அனுமதி வேண்டும். நம் இந்திய, மலாய்ப் பாரம்பரிய மருந்துகளுக்கு அப்படி முன்அனுமதி கிடையாது. ஆங்கில மருந்து கலக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் விற்பதற்கு முன்னால் யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, என் தாத்தா கஷாயம் காய்ச்சிக் கொடுத்து வளர்ந்தவள் நான். அந்தப் பெயரை வைத்து ஸ்டெராய்டை விற்பதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

கடையில் சந்தேகம் வந்தால் “மருந்தாளர் யார்?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதிவு பெற்ற மருந்தாளர்களின் பெயரையும் உரிமம் உள்ள மருந்துக்கடைகளையும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். உங்களுக்கென்று எடுத்துக் கொடுக்கும் மருந்தின் பையில் உங்கள் பெயர், மருந்தின் பெயர், கடையின் பெயர், தேதி எல்லாம் இருக்க வேண்டும். பேனாவால் ‘காலை 1 இரவு 1’ என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். தீராத வலி இரண்டே நாளில் தீர்ந்தாலும் சந்தேகப்படுங்கள்.

அந்தக் கடையை அம்மாவுக்குச் சொன்னதே எங்கள் புளோக்கில் நான்காம் மாடியில் இருக்கும் அத்தைதான். அவரும் ஐந்து மாதமாக அதையே சாப்பிடுகிறார். நேற்று அம்மா அவர் வீட்டுக்குப் போய்த் தன் இரண்டு கையையும் நீட்டி, தோல் கன்றிய இடங்களைக் காட்டியிருக்கிறார். நாளைக் காலை எட்டு மணிக்கு இருவரையும் நான்தான் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். அத்தையிடம் இன்னும் பதினெட்டு கேப்சூல் இருக்கிறதாம், மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.