ஈஸ்ட்ரோஜெல் பம்ப்: மாதவிடாய் நின்றபின் வரும் உடல் அனலுக்கு

இரவில் நைட்டி நனைய வியர்த்து விழிக்கும் பெண்களுக்கு, ஹார்மோன் மாத்திரையைவிட இந்த ஜெல்லையே முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்வோம். இதிலுள்ள ஈஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் தோல் வழியே நேராக ரத்தத்தில் சேர்வதால், ரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு.

ஒரு அழுத்துக்கு 1.25 கிராம் ஜெல், அதில் 0.75 மில்லிகிராம் மருந்து. பெரும்பாலும் தினம் 2 அழுத்தில் தொடங்குவார்கள். 80 கிராம் பாட்டிலில் 64 அழுத்து. அதன்பின் அளவு தவறும், மிச்சம் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

குளித்துத் துடைத்தபின் மேற்கையிலோ தொடையிலோ அகலமாக, மெல்லிசாகப் பூசுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். மார்பில் கூடவே கூடாது. 5 நிமிடம் காயவிட்டு உடுத்துங்கள். ஒரு மணி நேரம் அங்கே தண்ணீரோ குழந்தையின் தோலோ படக் கூடாது. ஆல்கஹால் கலந்தது என்பதால் காயும்வரை அடுப்பருகே போகாதீர்கள்.

கருப்பை உள்ளவர்கள் இதை மட்டும் பூசுவதுதான் மிகப் பெரிய தவறு. கருப்பையின் உள்சவ்வு தடித்துப் புற்றுநோய்வரை போகலாம். கூடவே, அந்தச் சவ்வைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் கட்டாயம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருப்பவர்களுக்கும் இது ஆகாது.

பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். இரண்டு வாரத்தில் கைவிடாமல், 3 மாதம் பார்த்து மருத்துவரிடம் அளவைப் பேசுங்கள். பிறப்புறுப்பு வறட்சிக்குத் தனி கிரீம் தேவைப்படலாம்.