பதவிக்கால வரம்பா, சம்பளமா? அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்கள்: ஓர் ஒப்பீடு

1990 நவம்பரில் கலிஃபோர்னியா வாக்காளர்கள் நேரடியாக வாக்களித்து, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குப் பதவிக்கால வரம்பு விதிக்கும் 140ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். கீழவையில் 6 ஆண்டு, மேலவையில் 8 ஆண்டு, அதற்குப் பிறகு அந்த அவைக்கு ஆயுள் முழுக்கத் திரும்ப முடியாது. கூடவே உறுப்பினர்களின் ஓய்வூதியம் போனது; மன்றச் செலவில் சுமார் 38 சதவீதம் வெட்டு விழுந்தது. குறி வைக்கப்பட்டவர் 1980 முதல் கீழவைச் சபாநாயகர் நாற்காலியில் இருந்த வில்லி பிரவுன்.

அவர் போனார். ஆனால் 1996 ஜனவரி முதல் 2016 மார்ச் வரை அந்த நாற்காலியில் ஒன்பது பேர் மாறி மாறி உட்கார்ந்தார்கள். கீழவையில் ஒரு தவணை 2 ஆண்டுதான். முதல் தவணை பட்ஜெட்டைப் படிக்கப் பழகுவதிலேயே கழியும். மூன்றாம் தவணையில் மேலவைக்கோ வேறு பதவிக்கோ தொகுதி தேட வேண்டும். இதனால் கைநழுவிய அதிகாரம் ஆளுநரிடமும், அவருக்குக் கீழுள்ள துறைகளிடமும் சேர்ந்தது. (அங்கே ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர், நம் முதல்வரைப் போல.) செலவு வெட்டில் அனுபவமுள்ள ஆய்வு ஊழியர்கள் வெளியேறியதும் சேர்ந்துகொள்ள, பட்ஜெட்டைக் கேள்வி கேட்க ஆள் குறைந்துபோனது.

2012இல் அதே வாக்காளர்கள் 28ஆம் முன்மொழிவால் கணக்கை மாற்றினார்கள்: இரண்டு அவையும் சேர்த்து மொத்தம் 12 ஆண்டு, முழுவதையும் ஒரே அவையில் கழிக்கலாம். 6+8 என்று 14 ஆண்டு கிடைத்த இடத்தில் 12தான், அதாவது மொத்தக் காலம் குறைந்தது. ஆனால் கீழவையில் தங்கும் காலம் இரட்டிப்பானது. 2012இல் முதன்முறை வென்ற ஆந்தனி ரெண்டன் 2016 முதல் 2023 வரை சபாநாயகராக இருந்தார். பிரவுனுக்குப் பின் அவ்வளவு காலம் வேறு யாரும் இருக்கவில்லை. 1992 முதல் 6+8 வைத்திருந்த மிச்சிகனும் 2022இல் இதே 12க்கு வந்தது, சொத்து விவரம் வெளியிடும் கட்டாயத்தோடு. வரம்பு வேண்டும் என்பவர்கள் இந்த வடிவத்தைத்தான் கேட்க வேண்டும். அவைக்கு அவை தனி வரம்பு என்பது அனுபவத்தை வீணடிக்கும் ஏற்பாடு.

சம்பளத்துக்கு வருவோம். நியூ ஹாம்ப்ஷயரில் 1889 முதல் ஆண்டுக்கு 100 டாலர். 400 பேர் கொண்ட கீழவைக்கு ஓய்வுபெற்றவரும் கைவசம் பணமுள்ளவரும் எளிதாக வரலாம். மாதச் சம்பளக்காரர் வர முடியாது. டெக்சாஸில் மாதம் 600 டாலர், அரசமைப்பிலேயே எழுதப்பட்டது. உயர்த்த மக்கள் வாக்கு வேண்டும். வழக்கமான கூட்டம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 140 நாள், அப்போது தினப்படி உண்டு. ஆனால் ஓய்வூதியம் அந்த 600ஐ வைத்துக் கணக்கிடப்படவில்லை. நீண்டகாலமாக மாவட்ட நீதிபதியின் சம்பளமே அடிப்படையாக இருந்தது. சம்பளத்தை அடிமட்டத்தில் கட்டிப்போட்டால் பணம் இப்படிப் பக்கவாட்டில் வரும், வாக்காளர் கண்ணில் படாது.

கலிஃபோர்னியாவில் சம்பளத்தை முடிவு செய்வது 1990இல் அமைத்த தனி ஆணையம். மன்றத்துக்கு அதில் வாக்கில்லை. 2009 நிதி நெருக்கடியில் அந்த ஆணையம் 18 சதவீதம் வெட்டியது: 1,16,208 டாலர் 95,291 ஆனது. உறுப்பினர்கள் தாங்களாகவே அப்படி வெட்டிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. முழுநேர வேலைக்கு முழுச் சம்பளம், அதை நிர்ணயிக்கும் கை வேறு. இந்த மூன்று ஏற்பாடுகளில் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

நியூயார்க் பாதி தூரம் வந்தது. 2022 டிசம்பரில், தேர்தல் முடிந்த கையோடு, உறுப்பினர்களே வாக்களித்து 1,10,000 டாலரை 1,42,000 ஆக்கினார்கள். பதிலுக்கு வெளிவேலை வருமானத்துக்கு 35,000 டாலர் உச்சவரம்பு. உயர்வு 2023 ஜனவரியிலேயே நடைமுறைக்கு வந்தது. உச்சவரம்பை மட்டும் 2025க்குத் தள்ளினார்கள். நடந்திருக்க வேண்டியது இதற்கு நேர்மாறு: கட்டுப்பாடு முதலில், உயர்வு அடுத்த தேர்தலில் வென்று வருபவர்களுக்கு.