போட்டிக் கடையின் விளம்பரத்தை உளவு பார்க்க: கூகிளின் இலவசக் கருவிகளா, செம்ரஷா?

கிளிநொச்சியில் அத்தான் நடத்துகிற கடைக்கு உள்ளூர் வாடிக்கையாளரைவிட லண்டன், ரொறன்ரோ வாடிக்கையாளர்தான் அதிகம். அவர்கள் அங்கிருந்து கடனட்டையில் பணம் கட்டுவார்கள். பரந்தனிலோ விசுவமடுவிலோ புதுக்குடியிருப்பிலோ இருக்கும் அம்மாவின் வீட்டுக்குக் கேக், பூச்செண்டு, பலசரக்குப் பொதி என்று கடைப் பெடியன்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இதே வேலையை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்து செய்கிற பெரிய கடைகளும் உண்டு. கூகிளில் தேடினால் அவர்களின் விளம்பரம்தான் மேலே நிற்கும். கடைக்காரர்கள் தேடுசொற்களைத் தெரிவுசெய்து ஏலம் கேட்பார்கள், அந்தச் சொல்லைத் தேடுகிறவருக்கு அவர்களின் விளம்பரம் தெரியும். "உவங்கள் எந்தெந்தச் சொல்லுக்குக் காசு கட்டுறாங்கள் எண்டு பார்க்க ஏலாதோ?" என்று அத்தான் கேட்டார். கடையின் விளம்பரக் கணக்கைப் பார்ப்பது நான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

ஒருபக்கம் கூகிளே தருகிற மூன்று கருவிகள்: தேடுசொற்களைக் கண்டுபிடிக்க உதவும் கீவேர்ட் பிளானர், ஏலத்தில் நம்மோடு நிற்பவர்களைக் காட்டும் ஒக்‌ஷன் இன்சைட்ஸ், மற்றவர்களின் விளம்பரங்களைக் காட்டும் அட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டர். மறுபக்கம் மாதச் சந்தா கட்டிப் பார்க்கிற செம்ரஷ், ஸ்பைஃபூ, அஹ்ரெஃப்ஸ். நாங்கள் கடைசியில் கூகிள் பக்கமே நின்றுவிட்டோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விலையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நாங்கள் பார்த்தபோது செம்ரஷின் அடிப்படைத் திட்டமே மாதம் 140 டொலர் அளவில் வந்தது. இலங்கைக் காசில் 40,000 ரூபாய்க்கு மேல். கூகிளின் கருவிகளுக்குக் கட்டணம் இல்லை. கீவேர்ட் பிளானருக்கு மட்டும் கூகிள் விளம்பரக் கணக்கு ஒன்றைத் திறந்து, பணம் செலுத்தும் விபரங்களையும் கொடுத்து முடிக்க வேண்டும். டிரான்ஸ்பரன்சி சென்டருக்கு அதுவும் தேவையில்லை. அஹ்ரெஃப்ஸ் நல்ல கருவிதான், ஆனால் அதன் பலம் பிற தளங்களில் இருந்து வரும் இணைப்புகளையும், காசு கட்டாமல் இயல்பாக வரும் தேடல் முடிவுகளையும் ஆராய்வதில் இருக்கிறது. விளம்பரம் அதற்குப் பக்கவேலை. ஸ்பைஃபூ அமெரிக்கச் சந்தையை வைத்து வளர்ந்தது. கிளிநொச்சிக் கடைக்கு அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

ஆகவே உண்மையான போட்டி செம்ரஷுக்கும் கூகிளுக்கும்தான். செம்ரஷின் பெரிய பலத்தை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு கடையின் இணைய முகவரியைக் கொடுத்தால், அந்தக் கடையின் விளம்பரம் எந்தத் தேடுசொற்களுக்குக் கண்ணில் பட்டது என்று அது பட்டியல் போடும். விளம்பர வாசகத்தையும், பழைய மாதங்களில் ஓடியவற்றையும் சேர்த்தே காட்டும். அத்தான் கேட்ட கேள்விக்கு நேரான பதில் அதுதான். கீவேர்ட் பிளானரிலும் போட்டிக்கடையின் முகவரியைப் போடலாம். ஆனால் அங்கே வருவது அந்தக் கடை காசு கட்டுகிற சொற்கள் இல்லை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "இதற்குப் பொருத்தமான தேடுசொற்கள் இவை" என்று கூகிள் நினைப்பவை. இரண்டும் ஒன்றென்று எண்ணிப் பணத்தைக் கொட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியென்றால் செம்ரஷ்தானே வெல்ல வேண்டும்? லண்டனில் பல் வைத்தியசாலை நடத்துபவருக்கு வெல்லும். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமான எங்கள் வன்னிக்கு அது தோற்கிற இடம் ஒன்றுண்டு. எங்கள் முடிவைத் தீர்மானித்ததும் அந்த ஒன்றுதான்.

செம்ரஷ் போன்ற கருவிகளிடம் கூகிளின் உள்வீட்டுக் கணக்கு கிடையாது. அவை நாடுவாரியாகத் தேடுசொற்களின் பெரிய பட்டியல் ஒன்றை வைத்திருக்கின்றன. அந்தச் சொற்களுக்கான முடிவுப் பக்கங்களை அவ்வப்போது எடுத்துப் பார்த்து, அங்கே தெரிந்த விளம்பரங்களைப் பதிந்துகொள்கின்றன. ஒரு சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதும் மதிப்பீடுதான். இலட்சம் பேர் தேடுகிற சொல்லுக்கு இந்த முறை நன்றாக வேலை செய்யும். மாதத்தில் முப்பது நாற்பது பேர் தேடுகிற சொல் அந்தப் பட்டியலிலேயே இருக்காது. இருந்தாலும் கருவியின் பார்வை அடிக்கடி அந்தப் பக்கம் போகாது. போன நேரத்தில் போட்டிக்கடையின் அன்றைய விளம்பரப் பணம் தீர்ந்திருந்தால் பதிவில் எதுவும் விழாது.

கடனட்டையை எடுக்கமுதல் செம்ரஷின் இலவசக் கணக்கில் போட்டுப் பார்த்தோம். நாளுக்குப் பத்துத் தேடல்தான் விடும், இதற்கு அது போதும். பிரித்தானியாவைத் தெரிவுசெய்து யாழ்ப்பாணத்தை வைத்துத் தேடினால் ஏதோ கொஞ்சம் வரும். இலங்கைக்குப் பரிசு அனுப்புவது என்று பொதுவாகக் கேட்டால் இன்னும் நன்றாக வரும், கொழும்புக் கடைகள் வரிசையாகத் தெரியும். கிளிநொச்சி என்று போட்டால் பூச்சியம். முல்லைத்தீவுக்கும் மாங்குளத்துக்கும் அதே கதைதான். தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும், கடைக்கு ஓடர் வந்துகொண்டுதான் இருக்கிறது. கருவிக்குத் தெரியவில்லை. கிளிநொச்சியின் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவதால், இருக்கிற கொஞ்சத் தேடலும் சிதறிப் போகிறது. கீவேர்ட் பிளானர் கிட்டத்தட்ட ஒரேமாதிரியான எழுத்துக்கூட்டல்களைச் சேர்த்தே கணக்குக் காட்டும். இந்த விடயத்தில் அது பெரிய நிம்மதி.

பிளானரின் எண்களும் துல்லியமானவை அல்ல. 2016இலிருந்து, அதிகம் செலவு செய்யாத கணக்குகளுக்கு அது "10 முதல் 100 வரை", "100 முதல் 1,000 வரை" என்று அகலமான வரம்பைத்தான் காட்டுகிறது. விளம்பரம் ஓடத் தொடங்கிய பிறகு எண் கொஞ்சம் நெருங்கி வரும். ஆனாலும் 10 முதல் 100 வரை என்பது பூச்சியம் இல்லை. அந்தச் சொல்லுக்கு ஆள் இருக்கிறது என்று அதைவைத்து முடிவெடுக்கலாம். அதற்கு அருகிலேயே, தேடல் முடிவுப் பக்கத்தின் உச்சியில் நிற்பதற்கு விளம்பரதாரர் கட்டும் தொகை, குறைந்தது கூடியது என இரண்டு நிரலில் இருக்கும். "போட்டி" என்றொரு நிரலும் உண்டு. அது அந்தச் சொல்லுக்கு எத்தனை விளம்பரதாரர் ஏலம் கேட்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது. போட்டி குறைவு, தொகை மட்டும் கூட என்றிருந்தால், ஒன்றிரண்டு கைகனத்த கடைகள் அங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று நான் எடுத்துக்கொள்வேன். அந்தச் சொல்லை விட்டுவிட்டு ஊர்ப்பெயரோடு வரும் சொல்லுக்குப் போவது எங்கள் வழக்கம்.

பிளானரில் இன்னொரு வசதி. முகவரியைப் போடும்போது முழுத் தளத்தையா அந்த ஒரு பக்கத்தை மட்டுமா பார்க்க வேண்டும் என்று கேட்கும். போட்டிக்கடையின் முகப்புப் பக்கத்தைக் கொடுத்தால் கேக், பூ என்று பொதுவான குப்பைதான் வரும். அவர்கள் எந்தெந்த ஊருக்கு விநியோகம் செய்கிறார்கள் என்று போட்டிருக்கும் பக்கத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள். இடத்தை பிரித்தானியா அல்லது கனடா என்று மாற்றிக்கொள்ளுங்கள். தேடுகிறவர் அங்கேதான் இருக்கிறார். இலங்கை என்று விட்டுவைத்தால் முழுக்கணக்கும் பிழைத்துப்போகும்.

அடுத்தது ஒக்‌ஷன் இன்சைட்ஸ். எனக்குப் பிடித்தது இதுதான். நம்முடைய விளம்பரம் கலந்துகொண்ட அதே ஏலங்களில் வேறு எந்தத் தளங்கள் நின்றன என்று பெயரோடு காட்டும். மதிப்பீடு இல்லை, நடந்தது. ஒரு கடைக்கு நேராக மேற்பொருந்தல் வீதம் 40 என்றிருந்தால், நம் விளம்பரம் பத்துத் தடவை தெரிந்ததில் நான்கு தடவை அவர்களுடையதும் தெரிந்திருக்கிறது. அந்த நேரங்களில் அவர்கள் எத்தனை வீதம் நமக்கு மேலே நின்றார்கள் என்பதும் தனியாக வரும். அத்தான் பெரிய எதிரி என்று நினைத்திருந்த யாழ்ப்பாணக் கடை இந்தப் பட்டியலில் அடியில் கிடந்தது. மேலே நின்றது நாங்கள் பேரே கேள்விப்படாத ஒரு கொழும்புத் தளம். குறை என்னவென்றால், எதிராளி எவ்வளவு கட்டினார், வேறு எந்தச் சொல்லுக்குக் கட்டுகிறார் என்று சொல்லாது. நம் விளம்பரம் போதிய தடவை தெரிந்திருக்காவிட்டால் பட்டியலே வராது. சின்னக் கடைக்கு ஒரு கிழமைக் கணக்கைக் கேட்டால் வெறுமையாக இருக்கும், மூன்று மாதத்தைச் சேர்த்துக் கேட்டால் வரும்.

அப்புறம், 2023இல் கூகிள் திறந்துவிட்ட டிரான்ஸ்பரன்சி சென்டர். ஒரு தளத்தின் முகவரியைப் போட்டால் அவர்களின் விளம்பரங்கள் அப்படியே கண்முன் வரும், நாடுவாரியாகவும் திகதிவாரியாகவும் பிரிக்கலாம். எந்தத் தேடுசொல்லுக்கு அந்த விளம்பரம் என்று காட்டாது. ஆனால் தலைப்பில் "வவுனியாவுக்கு அன்றே விநியோகம்" என்று எழுதுபவர் எந்தச் சொல்லுக்குக் காசு கட்டுகிறார் என்று ஊகிக்க செம்ரஷ் வேண்டியதில்லை. நீண்டநாள் ஓடுகிற விளம்பரம் பலன் தருகிறது என்று பலர் சொல்வார்கள். நான் அதை முழுக்க நம்புவதில்லை. நிற்பாட்ட மறந்த விளம்பரமும் நீண்டநாள் ஓடும்.

திகதிகளைப் பார்ப்பதில்தான் இதன் பெறுமதி இருக்கிறது. பிரித்தானியாவில் அம்மா தினம் மார்ச்சிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ வரும். அது ஈஸ்டரை ஒட்டி மாறுகிற நாள். கனடாவில் மே மாத இரண்டாவது ஞாயிறு. ஒரே அம்மாவுக்கு லண்டன் மகள் ஒரு மாதத்தில் கேக் அனுப்புவா, ரொறன்ரோ மகன் இன்னொரு மாதத்தில் அனுப்புவான். பெரிய கடைகள் இதைத் தெரிந்து நாடுவாரியாக வேறு வேறு நேரத்தில் விளம்பரத்தைத் தொடங்குகின்றன. கீவேர்ட் பிளானரின் மாதவாரி வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எப்போது இறங்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் பலசரக்குப் பொதியில் இதே கணக்கைப் போடலாம்.

போட்டிக்கடையின் பெயரையே தேடுசொல்லாக வைக்கலாமா என்றும் கேட்பார்கள். கூகிள் அதைத் தடுப்பதில்லை. விளம்பர வாசகத்துக்குள் அந்த வணிகப் பெயரைப் போடுவதில்தான் கட்டுப்பாடு இருக்கிறது. கொழும்புத் தளத்தின் பெயர் என்றால் நான் யோசிக்கமாட்டேன். ஏ9 வீதியில் எதிர்ப்பட்டால் சிரிக்க வேண்டிய ஆளின் கடைப் பெயர் என்றால் தொடமாட்டேன். நாலு கிளிக்குக்காக முகத்தை முறித்துக்கொள்வதா?

நான் உறுதியாகப் பேசுவது பிரித்தானியாவையும் கனடாவையும் பற்றி மட்டும். சுவிஸ், பிரான்ஸ், ஜேர்மனியில் எங்களுக்கு ஓடர் குறைவு. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பிரெஞ்சிலோ ஜேர்மனிலோதான் தேடுகிறார்கள் போலிருக்கிறது. அந்த மொழிச் சொற்களை நாங்களாகக் கண்டுபிடிக்க முடியாது. எதிராளியின் விளம்பரத்தில் இருந்து எடுத்தால்தான் உண்டு. அந்த நாடுகளுக்கு இறங்குவதென்றால் செம்ரஷை ஒரே ஒரு மாதம் வாங்கி, பெரிய கடைகளின் தேடுசொற் பட்டியலை இறக்கி வைத்துக்கொண்டு சந்தாவை நிற்பாட்டிவிடலாம் என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். வாங்கினால் நத்தாருக்கு முந்திய மாதத்தில் வாங்க வேண்டும், விளம்பரங்கள் அதிகம் ஓடுவது அப்போதுதான். அத்தான் இன்னும் பதில் சொல்லவில்லை. 40,000 ரூபாய்க்கு எத்தனை கேக் விற்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறார்.