பாதிக்கப்பட்டோருக்குப் பதில் சொல்லும் பயிற்சி: ஸ்பியர், சிஎச்எஸ், செஞ்சிலுவை – எது யாருக்கு?

பேரிடர் நிவாரணத்தில் ஈடுபடும் நடுத்தர அளவிலான தொண்டு நிறுவனம் ஒன்று, பாதிக்கப்பட்ட மக்களுக்குப் பொறுப்புக்கூறும் முறையைத் தன் ஊழியர்களுக்குக் கற்பிக்க நினைத்தால், பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்: நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரங்களைத் தொகுத்துச் சொல்லும் ஸ்பியர் கையேட்டை ஒட்டிய பயிற்சி, சிஎச்எஸ் எனப்படும் மனிதாபிமான மையத் தரநிலையை ஒட்டிய பயிற்சி, செஞ்சிலுவை - செம்பிறை இயக்கத்தின் சமூக ஈடுபாடு மற்றும் பொறுப்புக்கூறல் பயிற்சி. மக்களின் குரலைக் கேட்க வேண்டும் என்று மூன்றும் சொல்வதால், பாடத்தலைப்புகளை அருகருகே வைத்துப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. கேட்டறிந்த பிறகு எதை மாற்றுவது, யார் மாற்றுவது, மாற்ற முடியாவிட்டால் அதை மக்களிடம் எப்படிச் சொல்வது என்பதை எது கற்றுத்தருகிறது என்பதையே இங்கே அளவுகோலாகக் கொள்கிறேன்.

ஸ்பியரின் வேர் ருவாண்டாவில் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு இனப்படுகொலையையொட்டி நடந்த நிவாரணப் பணிகளின் குறைபாடுகளை 1996-இல் வெளியான கூட்டு மதிப்பீடு வெளிப்படையாகப் பேசியது; அடுத்த ஆண்டே ஸ்பியர் திட்டம் தொடங்கியது. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர், தங்குமிடத்தில் 3.5 சதுர மீட்டர் இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்ற அளவுகளை அது தருவதால், கணக்கிட்டுச் சரிபார்க்கப் பழகிய பொறியாளர்களும் சுகாதாரப் பணியாளர்களும் இந்தப் பயிற்சியை எளிதில் பற்றிக்கொள்கிறார்கள். இதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு 2005-இல் நாகப்பட்டினத்தில் எழுந்த தற்காலிகக் குடியிருப்புகள் பலவற்றுக்குத் தார்த்தகடுகள் பயன்படுத்தப்பட்டன. கோடை வெயிலில் அவற்றுக்குள் இருக்க முடியவில்லை. பரப்பளவை மட்டும் அளந்து பார்ப்பவருக்கு இந்தக் குறை தெரியாது. அங்கே சமைத்துத் தூங்க வேண்டியவரைக் கேட்டால் முதல் நாளே தெரிந்துவிடும். கையேடு தட்பவெப்பத்தையும் கலந்தாலோசனையையும் பேசாமல் இல்லை. ஆனால் பயிற்சி வகுப்பில் நேரம் போதாதபோது முதலில் விடுபடுவது அந்தப் பக்கங்களே.

சிஎச்எஸ் எண்களைப் பேசுவதில்லை, கடப்பாடுகளைப் பேசுகிறது. 2014 டிசம்பரில் கோபன்ஹேகனில் வெளியிடப்பட்ட இதன் ஒன்பது கடப்பாடுகள் 2018-ஆம் ஆண்டு ஸ்பியர் கையேட்டிலும் ஓர் அத்தியாயமாகச் சேர்க்கப்பட்டிருப்பதால், இரண்டையும் முற்றிலும் வேறானவையாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் 2024-இல் இத்தரநிலை திருத்தப்பட்டுவிட்டது. பழைய ஸ்பியர் பாடத்தை மட்டும் படித்தவர் புதிய வடிவத்தைத் தனியே படித்தாக வேண்டும். இந்தப் பயிற்சியின் வலு நிர்வாகத்தை நேராகத் தொடுவதில் இருக்கிறது. புகார்களைப் பாதுகாப்பாகப் பெறுவது, பாலியல் சுரண்டல் குறித்த புகாரைச் சாதாரணக் குறைகளிலிருந்து பிரித்து இரகசியமாக விசாரிப்பது, நிறுவனம் தன்னைத்தானே மதிப்பிடுவது, வெளியாரின் தணிக்கைக்கு உட்படுவது ஆகியவை இதில் அடங்கும். 2011-இல் ஹைட்டியில் ஆக்ஸ்பாம் என்ற பன்னாட்டுத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் பாலியல் சுரண்டலில் ஈடுபட்டதும், 2018-இல் அது வெளியே வந்தபோது எழுந்த கொந்தளிப்பும் இப்பகுதி ஏன் தவிர்க்க முடியாதது என்பதைக் காட்டும். இதன் குறை, சில நிறுவனங்களில் அது ஆவணங்களை நிரப்பும் வேலையாகச் சுருங்கிவிடுவது. கொள்கை ஏடு தலைமையகத்தில் அழகாக இருக்கும். முகாமில் வரிசையில் நிற்பவருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது.

என் அளவுகோலுக்கு மிக அருகில் வருவது மூன்றாவது வழி. செஞ்சிலுவைச் சங்கங்களின் கூட்டமைப்பும் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவும் 2016-இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. அது 2021-இல் புதுப்பிக்கப்பட்டது. கருத்துகளைத் திரட்டுவது, வகைப்படுத்துவது, முடிவெடுப்பவர் மேசைக்குக் கொண்டுசேர்ப்பது, பதிலோடு மக்களிடம் திரும்புவது என்ற முழுச் சுற்றும் அதில் பயிற்சிப் பொருளாகிறது. இது காகிதத்தோடு நிற்கும் திட்டமல்ல என்பதற்குக் காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்குப் பகுதியே சான்று. 2018 முதல் 2020 வரை அங்கே பரவிய எபோலாவில் 2,200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களின் உடல்களைத் தொற்று பரவாதபடி அடக்கம் செய்யச் சென்ற செஞ்சிலுவைத் தன்னார்வலர்களைப் பல ஊர்களில் மக்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். மூடிய பைக்குள் இருப்பது தம் உறவினரின் உடல்தானா, உறுப்புகள் எடுக்கப்பட்டுவிட்டனவா என்ற ஐயங்களைத் தன்னார்வலர்கள் வதந்தி என்று ஒதுக்கிவிடாமல் பதிவு செய்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் உதவியோடு அந்தப் பதிவுகள் வகைப்படுத்தி ஆராயப்பட்டன. அதன் பின்னர், குடும்பத்தார் முகத்தைப் பார்க்கும்படி ஒளி ஊடுருவும் உடல்பைகள் கொண்டுவரப்பட்டன. விழிப்புணர்வுப் பிரசாரம் எவ்வளவு செய்திருந்தாலும் அந்தப் பையின் வேலையைச் செய்திருக்காது. செஞ்சிலுவையின் பரந்த தன்னார்வலர் வலையமைப்பு இல்லாத சிறு நிறுவனம் இந்த முறையை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது என்பது உண்மை. அளவைக் குறைத்துக்கொண்டு, ஒரு பதிவேடும் வாராந்திரக் கூட்டமுமாகத் தொடங்கலாம்.

காயா, டிசாஸ்டர் ரெடி போன்ற இணையத் தளங்களில் கட்டணமின்றிக் கிடைக்கும் பாடங்கள் அறிமுகத்துக்குப் போதும். கோபத்தோடு வந்து நிற்கும் ஒருவரிடம் பேசுவதைத் திரையைப் பார்த்துப் பழக முடியாது. ஆங்கிலத்தில் தடுமாறும் கள ஊழியருக்கு அந்தச் சான்றிதழ் கோப்பில் சேர்வதைத் தவிர வேறு நன்மை தருமா என்பதும் ஐயமே.

ஆகவே, பொறியாளர்களையும் மருத்துவப் பணியாளர்களையும் ஸ்பியர் பயிற்சிக்கும், இயக்குநர், நிதிப் பொறுப்பாளர், மனிதவளப் பொறுப்பாளர் ஆகியோரைச் சிஎச்எஸ் பயிற்சிக்கும் அனுப்புவதே முறை. ஊரில் நேரடியாக நிற்பவர்களுக்குச் செஞ்சிலுவை வழியிலான பயிற்சியைத் தாய்மொழியில் தர வேண்டும். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: செலவுக்குக் கையெழுத்திடும் அதிகாரி ஒருவரும் அதே வகுப்பில் முழு நேரமும் உட்கார வேண்டும். அத்துடன், மக்கள் சொன்னதை ஒட்டித் திட்டத்தை மாற்ற நேர்ந்தால் எடுத்துச் செலவிட ஒரு தொகையை வரவு செலவுத் திட்டத்தில் முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும். நன்கொடையாளரிடம் அதற்கான ஒப்புதலை ஒப்பந்தம் எழுதும்போதே பெற்றுவிடுவது எளிது.