பாலம் ஏறினால் விசிலடிக்கும் ரூஃப் ரேக்

பட்டர்வொர்த் நண்பர் போன வாரம் போன் போட்டார். தன் ஹைலக்ஸ் கேம்பர் வண்டிக்கும் என்னுடையதைப் போல ரூஃப் ரேக், அதாவது கூரைமேல் சாமான் கட்டும் சட்டம், அடிக்கலாமா என்று கேட்டார். "ஒருமுறை என்கூடப் பினாங்குப் பாலத்தில் வாங்கண்ணே, அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றேன்.

மாட்டி இரண்டு வருடம் ஆகிறது. 40க்கு 40 மில்லிமீட்டர் அலுமினிய புரொஃபைல், அதாவது நீளவாக்கில் நட்டு நுழையக் காடி (பள்ளம்) ஓடும் சட்டம். பிறை ஊரில் ஒரு பட்டறையில் அளவுக்கு வெட்டி வாங்கி, வீட்டு வாசலில் நானே போல்ட் போட்டு முடுக்கினேன். வெல்டிங்கே கிடையாது. நட்டைத் தளர்த்தினால் காடியில் வேண்டிய இடத்துக்குத் தள்ளலாம்: இன்று சோலார் பேனல், நாளை கயாக் படகு. கேம்பர் கூரை ஃபைபர் என்பதால் ஒவ்வொரு காலுக்கும் உள்பக்கம் தகடு கொடுத்து, துளையைச் சுற்றி தண்ணீர் இறங்காமல் அடைக்கும் பியூட்டைல் டேப் ஒட்டினேன். இதுவரை ஒரு சொட்டு இறங்கவில்லை, அதுவும் பினாங்கு மழைக்கு! ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு அடியில் நைலான் வாஷர் வைக்க மறந்த இரண்டு இடங்களில் மட்டும் உப்புக்காற்றில் அலுமினியம் வெள்ளைப் பொடியாய் அரித்திருக்கிறது. அது என் தப்பு.

ஆனால் அந்தச் சத்தம்! 70ஐத் தொட்டால் ஆரம்பிக்கும். பாலத்தில் வரம்பே 80தான், 13.5 கிலோமீட்டருக்கும் கீ...யென்று ஊதிக்கொண்டே வரும். "மூணு விசில் ஆச்சு, அடுப்ப அணைங்க" என்பாள் மனைவி.

காடி திறந்து கிடப்பதால், பாட்டில் வாயில் ஊதுவதுபோல் காற்று அதில் ஊதுகிறது. ரப்பர் பட்டை அடைத்தேன். குரல் கொஞ்சம் இறங்கியதே தவிர நிற்கவில்லை. சட்டத்துக்குப் பின்னால் காற்று மேலும் கீழுமாய் மாறி மாறிச் சுழன்று பிரிவதும் ஒரு காரணமாம். கடைசியில் 8 மில்லிமீட்டர் நைலான் கயிற்றை முன் சட்டத்தில் திருகலாய்ச் சுற்றினேன். உயரமான புகைபோக்கிகளில் திருகுப் பட்டை வைப்பார்களே, அதே கணக்கு. நாலு ரிங்கிட் கயிறு, சத்தம் போயே போச்சு.

சந்தோஷம் ஒரு வாரம்தான். கயாக்குக்காக நட்டை நகர்த்தப் போனால் கயிறு மறிக்கிறது! நகர்த்தலாம் என்றுதானே புரொஃபைலுக்கு அவ்வளவு காசு கொட்டினேன்? இப்போது ஒவ்வொரு தடவையும் அவிழ்த்து, மறுபடி சுற்ற அரை மணி நேரம்.

அதனால் வேண்டாம்ண்ணே. பட்டறையில் சாதாரண ரேக்கே வெல்டிங் பண்ணிக்கொள்ளுங்கள். என்னுடையதை விலைக்குக் கேட்காதீர்கள், தரமாட்டேன்.