மேரி ஆனிங்கா, எதெல்ட்ரெட் பெனெட்டா?

கல்லூரிக் கட்டுரைக்கு ஆரம்பகாலப் பெண் நிலவியலாளர் (பாறை, புதைபடிவங்களை ஆராய்பவர்) ஒருவரைத் தேடுபவர்கள் கடைசியில் இந்த இருவரில்தான் வந்து நிற்கிறார்கள்.

பின்னணி
ஆனிங் (1799–1847): இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் புதைபடிவம் தோண்டி விற்றுப் பிழைத்தவர்.
பெனெட் (1776–1845): இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்து வசதியான வீட்டுப் பெண். விற்க வேண்டிய தேவையே இல்லை.

மாதிரிகள்
ஆனிங்: 1811இல் அண்ணன் ஜோசப் இக்தியோசாரின் (அழிந்துபோன கடல் ஊர்வன) மண்டையோட்டைக் கண்டெடுத்தார், மறுவருடம் உடல் எலும்புகளைக் கண்டுபிடித்தது மேரி. மண்டையோடு இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். 1823இல் மேரி நீள்கழுத்துக் கடல் ஊர்வனவான பிளீசியோசாரைக் கண்டெடுத்தார். ஆனால் அந்தக் காலத்து அருங்காட்சியகப் பதிவுகளில் வாங்கியவர், கொடுத்தவர் பெயர்தான் பெரும்பாலும் இருக்கும், தோண்டியவர் பெயர் இருக்காது.
பெனெட்: சேகரிப்பின் பெரும்பகுதி கடல் கடந்து பிலடெல்பியா போனது. தொலைந்துவிட்டது என்றே நெடுநாள் நினைத்தார்கள். 1980களில்தான் மறுபடி அடையாளம் கண்டார்கள். அதில் டிரிகோனியா வகைச் சிப்பிகள் சிலவற்றில் உள்ளிருந்த மென்சதைகூடக் கல்லாகப் பதிந்திருக்கிறது. பெரிய எலும்புக்கூடுகளைவிட எனக்கு இதுதான் ஆச்சரியம்.

எழுத்துச் சான்று
ஆனிங்: கடிதங்கள் உண்டு. வாழ்நாளில் அச்சேறியது 1839இல் ஒரு கடிதப் பகுதி மட்டும்.
பெனெட்: 1831இல் வில்ட்ஷயர் புதைபடிவங்களுக்குத் தனிப் பட்டியலே வெளியிட்டார். அவர் பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்து ரஷ்யாவிலிருந்து கௌரவம் அனுப்பிய கூத்தும் நடந்தது.

சரி, எதை எடுப்பது? கதையாகச் சொல்ல ஆனிங். அருங்காட்சியகச் சேகரிப்பு எப்படி உருவாகி, எப்படிக் காணாமல் போகிறது என்று எழுத பெனெட்தான்.